ஒரு மூச்சு நேரம் நின்ற படம்

போன மாதம் நம் விடுதியின் கையெழுத்துப் பத்திரிகையில் ஒரு நண்பர் டூரிங் கொட்டகையைப் பற்றி எழுதியிருந்தார். மணலைக் குவித்து மேடை கட்டி உட்கார்ந்தது, பின்னால் இருந்தவர் அதைக் காலால் எட்டி உதைத்தது, இருட்டில் யாரோ முறுக்குக் கூடைக்குள் கால் வைத்தது எல்லாம் வந்திருந்தன. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஒருவர் அதை உரக்கப் படித்தார். நாம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என்ன என்று கேட்டவர்களிடம் கண்ணில் தூசி என்றேன். இந்த மாதம் எழுதுவது என் முறை. அந்தத் தூசியைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே, செந்துறை போகிற சாலையில் இருக்கிறது. அப்பா பண்ணையில் ஏர் ஓட்டினார். அம்மா நடவுக்கும் களைக்கும் போனாள். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன், மாடு மேய்த்தான். எங்கள் தெருவிலேயே பலகையும் பையுமாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன். அங்கே என்னைக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார வைத்தார்கள். ஆனாலும் எழுத்து வந்துவிட்டது. அதனால் எங்கள் தெருவுக்கு வரும் கடிதம், சந்தையில் கொடுக்கும் நோட்டீஸ், மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொன்னால் அதுதான் அது. சரிபார்க்க வேறு ஆள் கிடையாது.

மாசி பிறந்து, எங்கள் ஊருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் ஏரி வற்றியதும் அதற்குள்ளேயே கொட்டகை போடுவார்கள். கம்பம் நட்டு, துணிக்கூரை இழுத்து, சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். சாயங்காலம் கம்பத்து உச்சியிலிருந்து பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அது எங்கள் தெருவரைக்கும் கேட்கும். அடுப்பில் இருப்பதை இறக்காமல் ஓடியவர்கள் உண்டு. தட்டிக்கு வெளியே வெளியூர் மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். காசில்லாத கிழவர்கள் வண்டியில் படுத்தபடியே கதையைக் காதால் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அண்ணனுக்கு அந்தக் கொட்டகையின் மேல் பைத்தியம். படம் மாறும்போது ஒரு வண்டியின் இரண்டு பக்கமும் படத் தட்டியைச் சாய்த்து வைத்து, தமுக்கு அடித்துக்கொண்டு, நோட்டீஸை வீசிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஒரு நாள் எங்கள் தெருவுக்குள் அந்த வண்டி நுழைந்தபோது தமுக்கு அண்ணன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டு வந்தான். அம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அப்பா பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் சாட்டை.

"கழட்டுடா அதை."

"சும்மா ஆசைக்கு அடிக்கிறேம்பா. கூலிக்கு இல்ல."

"எங்கப்பன் ஊருக்கெல்லாம் தப்பு அடிச்சான். சாவுன்னா நாய்க்குட்டி மாதிரி கூப்புடுவாங்க, ஓடுவான். நானும் அடிச்சேன். என்னோட போவட்டும்னுதான் அதைத் தூக்கிப் பரண்ல போட்டேன். நீ மறுபடி கழுத்துல மாட்டிக்கிட்டு வர்றியா?"

சாட்டை நாலைந்து முறை விழுந்தது. தெருவே பார்த்தது. அண்ணன் ஓடவில்லை. இரண்டு கையாலும் தமுக்கைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை. கன்னத்தைத் தோளில் ஒரு முறை தேய்த்துத் துடைத்துக்கொண்டான். பிறகு தமுக்கைக் கழற்றி வண்டிக்காரரிடம் பத்திரமாகக் கொடுத்தான். அடுத்த வாரம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அரியலூர் ஸ்டேஷன் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே ஒரு கடிதம் வந்தது. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். "கப்பல் ஏறப் போகிறோம். தம்பியை நன்றாகப் படிக்க வைக்கவும்." அதை அம்மாவுக்கு எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. கடைசியில் அவளே காகிதத்தைப் பார்த்துக்கொண்டு மனப்பாடமாகச் சொல்லுவாள். தலைகீழாகப் பிடித்திருப்பாள்.

அதற்கப்புறம் கடிதம் இல்லை. ஒரு மழைக்காலம் போனது. ஏரி நிறைந்து வற்றியது. மறுபடி கொட்டகை வந்தது.

அந்த வருடம் படத்துக்கு முன்னால் ஒரு யுத்தப் படம் காட்டினார்கள். அது ஒரு சின்ன ரீல். சர்க்கார் உத்தரவு என்றார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. முறுக்கு வாங்கவும், பிள்ளைக்குப் பால் கொடுக்கவும், இடத்துக்குச் சண்டை போடவும் அதுதான் நேரம். ஆனால் பட்டாளத்து ஆட்களைத் திரையில் காட்டுகிறார்கள் என்ற செய்தி அம்மா காதில் விழுந்துவிட்டது. அவள் அதுவரை கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. சாயங்காலம் மணல் அடங்குவதற்காகத் தண்ணீர் தெளிக்க ஆள் தேடினார்கள். ஏரிக் குட்டையிலிருந்து இருபது குடம் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அம்மா போய் நின்றாள். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்து தெளிப்பாள். கூலிக்குப் பதில் அவளும் நானும் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம்.

ஈரமணல் வாசனையும் பீடிப் புகையும் கலந்து அடிக்கும். வெளியே ஆயில் எஞ்சின் தடதடவென்று ஓடும். பெண்கள் பக்கம் நான் அம்மாவோடு உட்காருவேன். அங்கே யாரும் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. கேலிக்கு மட்டும் குறைவில்லை.

"ஏண்டி, ஒம் மவனுக்கு மீசை மொளைக்கப் போவுது. இன்னும் பொம்பளப் பக்கம் கூட்டியாற?"

"அவன் எழுத்துப் படிச்சுச் சொல்ல வந்திருக்கான்டி. ஒனக்கும் வேணும்னா கேட்டுக்க."

முதல் நாள். விளக்கு அணைந்தது. திரையில் இங்கிலீஷ் எழுத்து விழுந்தது. பிறகு பட்டாளத்துக்காரர்கள் நாலு நாலு பேராக நடந்து வந்தார்கள். இரும்புத் தொப்பி முகத்தை மறைத்தது. ஒவ்வொருவன் முதுகிலும் பெரிய சுமை, இரண்டு கையும் துப்பாக்கியின் மேல். ஓரத்தில் வந்த ஒருவன் நம் பக்கம் திரும்பினான். கன்னத்தைத் தோளில் தேய்த்துத் துடைத்துக்கொண்டான். போய்விட்டான்.

அம்மா என் கையைப் பிடித்தாள். வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது.

"டேய், அண்ணன்டா!"

"எங்கம்மா?"

"தொடச்சான்டா, பாக்கலியா? அதே மாதிரி. மொதல்ல எழுத்து வந்துச்சே, என்ன போட்டிருந்துச்சு?"

நான் அதை எழுத்துக் கூட்டி வைத்திருந்தேன். பி, யு, என், ஜே, ஏ, பி. எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கிய தேசப் படத்தில் அந்தப் பெயர் வடக்கே மேல் மூலையில் இருந்தது. நண்பர்களே, அந்த ஒரு நொடியை எத்தனையோ முறை திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் முகம் அத்தனை மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாகத் திறந்திருந்தது.

"மதராஸ் பட்டாளம்னு போட்டிருக்கும்மா" என்றேன்.

அன்றிரவு அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த நாள் தெருவில் பாதிப் பெண்கள் அவளோடு தண்ணீர் சுமக்க வந்தார்கள். அந்த ஓர ஆள் கன்னத்தைத் துடைத்ததும் பெண்கள் பக்கம் மொத்தமும் குலவை போட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "என்னடா இது, யுத்தத்துக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். கொட்டகையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நாளுக்கு ஒன்றாக ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லுவாள். "இளைச்சுட்டான்டா." "பூட்ஸ் கடிக்கிது போல, காலைப் பாத்து வைக்கிறான்." புது யுத்தப் படம் ரயிலில் வந்து சேராததால் அதே ரீல் மூன்று வாரம் ஓடியது.

அப்பா உள்ளே வரமாட்டேன் என்றார். "அவன் என்னைப் பாக்கணும்னா வூட்டுக்கு வரட்டும்." ஆனால் ஒரு நாள் நான் ஒன்றுக்குப் போக வெளியே வந்தபோது, நிறுத்தியிருந்த வண்டி ஒன்றின் நுகத்தடிமேல் உட்கார்ந்திருந்தார். யுத்தப் படத்தின் பேண்டு வாத்தியம் முடியும்வரை தலை குனிந்து கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கொட்டகை பெரம்பலூருக்குப் போகும் நாள் வந்தது. நாளைக்கு அவிழ்க்கிறார்கள் என்றதும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. தண்ணீர் தெளித்து முடித்ததும் என்னை மெஷின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தகரத்தால் அடைத்த சின்ன அறை அது. ஆபரேட்டர் ஒரு பாய். நடுத்தர வயது, மெலிந்த ஆள்.

"பாய், ஒரே ஒரு தடவை எம் புள்ளையை நிறுத்திக் காட்டுங்க. மொகத்தைப் பாக்குறதுக்குள்ள போயிடுறான்."

"நிறுத்தக் கூடாதும்மா. உள்ள எரியிற நெருப்பு வெளிச்சம் சாமானியமானது இல்ல. பிலிம் ஓடிக்கிட்டே இருக்கு, அதனால தப்பிக்கிது. நின்னுச்சுன்னா எரிஞ்சு போயிடும்."

"ரொம்ப நேரம் வேணாம் பாய். ஒரு மூச்சு நேரம்."

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படித்த பிள்ளை கேட்டால் செய்வார் என்று எனக்கு ஒரு நினைப்பு. "சார், நாளைக்கு நீங்க போயிடுவீங்க சார். அம்மா எங்க போயிப் பாக்கும்?" என்றேன்.

பாய் என்னையும் பார்த்தார், அம்மாவின் ஈரச் சேலையையும் பார்த்தார். "எங்கண்ணன் மலாயாவுல மாட்டிக்கிட்டாரும்மா. ரெண்டு வருசமா ஹயாத்தா உசுரோட இருக்காரா, மவுத்தாயிட்டாரான்னுகூடத் தெரியல. எங்கம்மாவும் இப்படித்தான் என் கையைப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குது." பெருமூச்சு விட்டார். "ஒரு மூச்சு. அதுக்கு மேல கேக்காதீங்க. போய் உக்காருங்க."

அன்று மூன்று வாரமாக வராத கூட்டம். எங்கள் தெரு முழுவதும் இருந்தது. எழுத்து வந்தது. நாலு நாலாக வந்தார்கள். ஓர ஆள் திரும்பினான், தோளைத் தூக்கினான், படம் நின்றது.

இரும்புத் தொப்பிக்குக் கீழே பாதி முகம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "சாமீ" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முகத்தின் நடுவில், கன்னத்துக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு பொட்டு தோன்றியது. பால் பொங்குவதுபோல அது கொதித்தது. கன்னம், வாய், தொப்பி என்று ஓட்டை விரிந்துகொண்டே போய்த் திரை முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

ஆண்கள் பக்கம் விசில் அடித்தது. "பட்டாளத்தான் அவுட்டுடா!" என்று ஒரு குரல், பின்னாலேயே சிரிப்பு. மெஷின் அறையிலிருந்து புகை வந்தது. பாய் எரிகிற பிலிமைக் கையாலேயே கிழித்து மணலில் போட்டு மிதித்தார் என்று பிறகு சொன்னார்கள். அம்மா கத்தவில்லை. நின்றவள் அப்படியே ஈரமணலில் உட்கார்ந்தாள். மணலை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினைந்து நாள் கழித்துத் தபால்காரர் சர்க்கார் உறை ஒன்று கொண்டுவந்தார். "ஒங்க பையனே படிக்கட்டும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வேகமாகப் போனார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே இங்கிலீஷ் தாளோடு தமிழ்த் தாள் ஒன்றும் இருந்தது. அப்பா, அம்மா, தெரு எல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. இந்த முறை எழுத்தை மாற்றாமல் படித்தேன். அண்ணன் இறந்துவிட்டான். தேதி போட்டிருந்தது. கொட்டகைக்குக் கம்பம் நடுவதற்கு நாலு மாதம் முன்பே இறந்திருக்கிறான்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "அன்னிக்கு நடந்துக்கிட்டுத்தானே இருந்தான்?"

"அது முன்னாடி எடுத்த படம்மா. தேதி பாரு..."

"நடந்துக்கிட்டு இருந்தவனை நான்தான்டா நிறுத்தச் சொன்னேன். நின்னா எரிஞ்சு போயிடும்னு பாய் சொன்னாரு. கேக்கலியே நான்."

தேதி என்ற ஒன்று அவளிடம் செல்லுபடியாகவில்லை. மாசம் தெரியும், மழை தெரியும், அறுப்பு தெரியும். தாளில் இருக்கும் தேதியை எதன்மேல் வைத்துப் பார்ப்பாள்? கண்ணால் பார்த்தது ஒன்று இருந்தது. அதற்குமேல் நான் படித்துச் சொன்னது இருந்தது.

பண்ணை மூட்டை ஏற்றிக்கொண்டு அப்பா பெரம்பலூர் போனபோது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பாதைக்கு இரண்டு பக்கமும் காய்ந்த சோளத்தட்டை. மூட்டைகளை இறக்கிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தது அது ஒரு நாள்தான். அந்த ரீல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அம்மாவைக் கூட்டிவந்து காட்டிவிடலாம், பார், எரியவில்லை, நடக்கிறான் என்று சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓர ஆள் வந்தான். தோளைத் தூக்கினான். படம் ஒரு குதி குதித்தது. அடுத்து வெறும் தரை, வேறு ஆட்களின் கால்கள். எரிந்த கட்டங்களை வெட்டிவிட்டு ஒட்டியிருந்தார்கள். அவன் கன்னத்தைத் துடைக்கும் இடமே போய்விட்டது.

பாயைப் பார்த்தோம். இரண்டு உள்ளங்கையிலும் துணிக்கட்டு. நான் கடிதத்தைச் சொன்னேன். "யா அல்லா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் நிறுத்தியிருக்கக் கூடாது தம்பி" என்றார். அவரும்!

திரும்பி வரும்போது அப்பா மாட்டை ஓட்டவே இல்லை. அது போன போக்கில் போனது. பாதி வழியில் சொன்னார்: "நான் அடிச்சப்பவும் இப்படித்தான்டா தோளைத் தூக்கித் தொடச்சான். நான்தான் வெரட்டுனேன். வூட்டுல இருந்திருப்பான். தமுக்கு அடிச்சுக்கிட்டு இருந்திருப்பான். இருந்துட்டுப் போறான்னு விட்டிருக்கலாம்." அப்போது நான் அந்த ஆறு எழுத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா, அது அண்ணனே இல்லை என்று. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மகனைக் கடைசியாகப் பார்த்தது சாட்டையோடு நின்ற அன்றைக்கு என்று ஆகிவிடும்.

பின்னால் ஹைஸ்கூலுக்கு அரியலூர் போனபோது தினமும் ஸ்டேஷன் வழியாக நடப்பேன். மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்தேன். கை இரண்டும் மூட்டையில் இருக்கும். வியர்வை கண்ணில் இறங்கும்போது எல்லோரும் கன்னத்தைத் தோளில்தான் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் பாக்கியில்லை. சுமக்கிறவனுக்கு வேறு வழி கிடையாது. திரையில் வந்தவன் வடக்கே எந்த ஊர்ப் பிள்ளையோ. அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். அவள் எந்தக் கொட்டகையிலும் உட்கார்ந்திருக்கமாட்டாள்.

இந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு நான் புறப்பட்ட அன்று விடிகாலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு குடத்தோடு தண்ணீருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த யுத்தப் படத்துல வந்தது அண்ணன் இல்ல. பஞ்சாப்னு போட்டிருந்துச்சு. நான்தான் மதராஸ்னு மாத்திப் படிச்சேன். நீ யாரையும் நிறுத்தல."

குடத்தைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தாள். அவள் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடப் போதும்.

"ஆத்தா மனசு தேறட்டும்னு சொல்றியா சாமி" என்றாள். "நீ பொய் சொல்லுவியா? படிச்ச புள்ள. அன்னிக்குப் பச்சப் புள்ளையா இருந்தே, உள்ளதைப் படிச்சே. இப்ப வளந்துட்டே. எனக்காக மாத்திச் சொல்றே."

"இல்லம்மா, சத்தியமா..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்பு."

தெருக்கோடிவரை கூட வந்தாள். நான் நின்று, திரும்பி, அவள் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் திரும்பியதும் அவள் பதறிப்போனாள்.

"நிக்காதடா. எங்கியும் நிக்காத. போயிக்கிட்டே இரு."

தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். கை இரண்டும் குடத்தில். கன்னத்தைத் தோளில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

நான் நிற்கவில்லை.